மளிகைக் கடையில் செய்ய வேண்டிய ஆராய்ச்சி

கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. பருத்தியிலும் சோளத்திலும் கரிசல் மண்ணுக்கு ஏற்ற இரகங்களைத் தேர்ந்தெடுத்து விவசாயிகளின் கையில் சேர்த்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் களத்தைவிட்டுக் கிளம்பிய தானியம், மண்டி வழியாக மளிகைக் கடைக்கு வந்து, ஒரு குடும்பத்தின் உணவாகும் வரை என்ன கதியை அடைகிறது என்பதை ஆராய்ச்சி செய்பவர் நேரில் காண்பது அபூர்வம். நித்தியம் காண்கிற கடைக்காரருக்கோ அதன் காரணத்தைச் சொல்லுவார் இல்லை. இவ்விருவரும் கூடி ஜனங்களின் ஆரோக்கியத்துக்கு உதவும் முறையை, வேளாண்மையும் ஊட்டச்சத்தும் பயிலும் மாணவர்களை உத்தேசித்து இங்கே எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கும் இது பிரயோஜனப்படும்.

முதலாவது, கடைக்குப் போகும் வேளை. காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் வியாபாரிக்கு மூச்சுவிட நேரம் இராது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தெரு ஓய்ந்திருக்கையில் போக வேண்டும். போனவுடன் சிறுதானியத்தின் மகிமையை உபதேசிக்கத் தொடங்கலாகாது. "அண்ணாச்சி, வாங்கிப் போனவர்கள் எந்தச் சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்?" என்று கேட்பதே உத்தமமான ஆரம்பம். எந்தப் பதார்த்தத்தை ஆராய்வது என்பதை அதற்கு வரும் பதிலைக் கொண்டு தீர்மானிக்கலாம். ஒரு சமயத்தில் ஒரு சரக்கு போதும்.

கம்பு மாவு கசக்கிறது என்ற புகார் வந்தால், கடைக்காரர் பழைய கம்பை அரைத்து விற்றார் என்று வாடிக்கையாளர் எண்ணுவது சகஜம். பெரும்பாலும் அது உண்மையன்று. கம்பில் கொழுப்புச் சத்து அதிகமாகையால், அரைத்த மாத்திரத்தில் அதிலுள்ள லிப்பேஸ் என்னும் நொதி அக்கொழுப்பைச் சிதைக்கத் தொடங்க, சில நாட்களிலேயே மாவு காறிப்போகிறது. ஆகவே, ஒரே மூட்டைக் கம்பில் பாதியை அப்படியேயும் பாதியை வறுத்தும் ஒரே நாளில் அரைத்து, பொட்டலங்களில் தேதி எழுதி, ஐந்து நாளைக்கு ஒன்றாகப் பிரித்துப் பாருங்கள். அமிலத்தின் அளவை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். வாடையைக் கடைக்காரரின் மூக்கு சொல்லட்டும். இரண்டையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து எழுத வேண்டும்.

நிலக்கடலை இதைவிடக் கவனத்துக்குரியது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு ஆதாரமே அதுதான். வறுத்துத் தோல் நீக்கிய பருப்பைப் பரப்பி வைத்துக்கொண்டு, சுருங்கியது, கறுத்தது, சொத்தை விழுந்தது ஆகியவற்றை விரல்களால் விறுவிறுவென்று ஒதுக்குகிற பெண்களின் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூசணத்தால் விளையும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு, கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. வறுத்தாலும் முற்றிலும் அழியாதது. இப்படி ஒதுக்கப்படும் பருப்புகளிலேயே மிகுதியாகத் தங்குவது. ருசிக்காக அவர்கள் செய்துவரும் வேலை உயிரையும் காக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் அவர்களிடமே எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல பருப்பிலும் ஒதுக்கிய பருப்பிலும் தனித்தனியே மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைக் காட்டினால், எந்த நிறத்தை விடலாம், எந்த நிறத்தைத் தள்ள வேண்டும் என்பது இருதரப்புக்கும் தெளிவாகும்.

அடுத்த கேள்வியைக் கூசாமல் கேட்க வேண்டும்: ஒதுக்கிய சொத்தை எங்கே போகிறது? மலிவு விலைக்குச் செக்குக்குப் போனால், சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சின் ஒரு பகுதி இறங்கும். பிண்ணாக்கில் எஞ்சியது மாட்டுக்குப் போய்ப் பாலில் வேறு வடிவத்தில் வெளிப்படும். 2018ஆம் ஆண்டின் தேசியப் பால் ஆய்வில், இவ்வகை நஞ்சு அதிகமாகத் தென்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சொத்தையை அழிப்பதால் வரும் நஷ்டத்தைக் கடைக்காரர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது; ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு ஆரம்பத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சரக்கைத் தெரிந்துகொண்டபின், அதை வைக்கும் இடத்தைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில், 2018இல் ஆராய்ச்சியாளர்களும் கடை நிர்வாகத்தாரும் சேர்ந்து, 20 கடைகளில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். அவற்றுள் பாதிக் கடைகளில் இனிப்புப் பானங்களையும் மிட்டாய் வகைகளையும் கண்ணைக் கவரும் இடத்திலிருந்து அகற்றி, சலுகை விளம்பரத்தையும் 12 வாரங்கள் நிறுத்தினார்கள். ஜனங்கள் வாங்கிய சர்க்கரை 2.8 சதவீதம் குறைந்தது. கடைகளின் லாபம் குன்றவில்லை. நம் ஊரிலும் கல்லாப்பெட்டிக்கு எதிரே தொங்கும் நொறுக்குத்தீனிச் சரங்களைச் சற்று உள்ளே தள்ளி, அங்கே வறுகடலையும் குதிரைவாலி அரிசியும் வைத்துப் பார்க்கலாம். விற்பனையை நினைவிலிருந்து சொல்லாமல் நோட்டில் எழுத வேண்டும். சம்பள வாரத்தில் வியாபாரம் தானாகவே ஏறுமாதலால், மாற்றத்துக்கு முன் ஒரு மாதமும் பின் ஒரு மாதமும் எழுதி ஒப்பிட வேண்டும். கணக்கு நோட்டு வியாபாரியின் அந்தரங்கமான சொத்து. அவர் சம்மதித்த பக்கத்தை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முடிவுகளை ஆங்கிலக் கட்டுரையாக அச்சிடுவதற்கு முன்பே, ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்த வருஷத்துக் கடலையில் பூசணம் அதிகமாக ஏறும். ஆகையால் புதுக்கடலை வரத்துத் தொடங்கியதும் மறுபடி மாதிரி எடுக்க வர வேண்டிய தேதியையும் அந்தப் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.