எந்த மதிப்பெண்ணை அனுப்புவது?



போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பொறியியல் படிக்க விண்ணப்பம் செய்கிறாள். எஸ்.ஏ.டி. தேர்வை இரண்டு தடவை எழுதிவிட்டாள். "அண்ணே, மொத தடவை எடுத்தத காட்டவே வேணாம்தானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு யாரையும் கேட்காமல் நானே பதில் சொல்லிக்கொண்டு, அதற்கு விலையும் கொடுத்தவன் நான்.

அப்போது நான் எடுத்தது 1340. கூடப் படித்தவர்கள் 1500 என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம். நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று போட்டிருந்தது. நான் அனுப்பவில்லை. இடம் கிடைத்தது. ஆனால் உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. அதற்கு மட்டும் மதிப்பெண் கட்டாயம் என்று வேறொரு பக்கத்தில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. அந்தப் பணம் இல்லாமல் எங்கள் வீட்டால் என்னை அனுப்ப முடியாது. "பரவாயில்லப்பா" என்றார் அம்மா. இன்று உள்ளூரிலேயே இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். ஆனாலும் அந்தத் தவறு நீங்கள் செய்ய வேண்டாம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. முதலில் விதியைப் படியுங்கள்

எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 2020இல் கோவிட் வந்தபோது நிறைய இடங்கள் தேர்வைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டன. பிறகு சில மறுபடியும் கொண்டுவந்தன. எம்.ஐ.டி. 2022இல் கட்டாயமாக்கியது. டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு எல்லாம் 2024இல் அறிவித்தன. யேல் அதே ஆண்டில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி., ஏ.பி., ஐ.பி. நான்கில் ஏதாவது ஒரு வகைத் தேர்வு வேண்டும் என்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ நேர் எதிர். அங்கே சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. 1600 எடுத்திருந்தாலும் அங்கே பயன் கிடையாது.

எழுதிய எல்லாத் தேர்வையும் காட்டு என்று கேட்கும் இடங்களும் உண்டு. ஜார்ஜ்டவுன் நெடுங்காலமாக அப்படிப் பெயர் பெற்றது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அதனால் போன வருடம் சீனியர் சொன்னதை நம்பாமல், இந்த வருடப் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள். சேர்க்கைப் பக்கத்தோடு உபகாரச் சம்பளப் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். நான் தவறவிட்டது அதைத்தான்.

2. எதைத் தேர்ந்தெடுக்கலாம், எதை முடியாது

எஸ்.ஏ.டி.யில் இரண்டு பகுதிகள்: வாசிப்பும் எழுத்தும் ஒன்று, கணிதம் ஒன்று. ஒவ்வொன்றும் 200 முதல் 800 வரை. 'ஸ்கோர் சாய்ஸ்' என்ற வசதி 2009இல் வந்தது. எந்தத் தேதியில் எழுதிய தேர்வை அனுப்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு தேதியின் கணிதத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்ப முடியாது. அனுப்பினால் அந்தத் தேதியின் இரண்டு பகுதியும் போகும்.

இங்கேதான் 'சூப்பர்ஸ்கோர்' வருகிறது. பல பல்கலைக்கழகங்கள், எம்.ஐ.டி. உட்பட, வெவ்வேறு தேதிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைத்த உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கின்றன. தங்கச்சியின் கணக்கைப் பாருங்கள்:

முதல் தடவை: வாசிப்பு 640, கணிதம் 690. மொத்தம் 1330.
இரண்டாம் தடவை: வாசிப்பு 600, கணிதம் 760. மொத்தம் 1360.
சேர்த்துப் பார்த்தால்: 640 + 760 = 1400.

மறைக்க நினைத்த முதல் தேர்வுதான் அவளுக்கு 40 மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறது! ஆகவே சூப்பர்ஸ்கோர் பார்க்கும் இடத்துக்கு இரண்டையும் அனுப்ப வேண்டும். ஒரே தேதியின் மொத்தத்தை மட்டும் பார்க்கும் இடத்துக்கு 1360 போதும்.

3. உங்கள் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

நண்பனோடு அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி9 பகுதியைப் பாருங்கள். உதாரணத்துக்கு 1260, 1430 என்று இரண்டு எண்கள் இருந்தால், மதிப்பெண் அனுப்பிச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் 1260 அல்லது அதற்குக் கீழே, கால்வாசிப் பேர் 1430 அல்லது அதற்கு மேலே என்று அர்த்தம். பாதிப் பேர் இடையில்.

நான் பின்பற்றச் சொல்லும் முறை இது. இடையிலோ மேலேயோ இருந்தால் அனுப்புங்கள். கீழ் எண்ணையும் எட்டவில்லை, கட்டாயமும் இல்லை என்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் உபகாரச் சம்பளத்துக்குக் கேட்கிறார்களா என்று பார்த்த பிறகுதான். பொறியியலுக்குப் போகிறவர்கள் கணித எண்ணைத் தனியாக ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: தேர்வு கட்டாயமில்லாத இடங்களில் குறைவாக எடுத்தவர்கள் நிறையப் பேர் அனுப்புவதே இல்லை. அதனால் அந்த எண்கள் கொஞ்சம் உயர்ந்தே தெரியும். பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

ஏ.சி.டி.யும் எழுதியிருந்தால் இரண்டில் நல்லதை மட்டும் அனுப்பலாம். அதன் உச்சம் 36. அதிகாரபூர்வ ஒப்பீட்டு அட்டவணைப்படி எஸ்.ஏ.டி. 1340 என்பது ஏ.சி.டி. 29க்குச் சமம்.

4. இலவசம் என்று அவசரப்படாதீர்கள்

எஸ்.ஏ.டி.க்குப் பதிந்தால் நான்கு இடங்களுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பலாம். ஆனால் தேர்வு முடிந்து 9 நாளுக்குள் இடங்களைச் சொல்ல வேண்டும். முடிவு அதற்குப் பிறகுதான் வரும். அதாவது, என்ன எடுத்தோம் என்று தெரியாமலே அனுப்புகிறோம். எப்படியும் அனுப்பியே ஆக வேண்டிய இடத்துக்கு இது லாபம். மற்ற இடங்களுக்குப் பொறுமையாக இருங்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தில் நீங்களே எழுதும் மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டு, சேரும்போது மட்டும் அதிகாரபூர்வ அறிக்கையைக் கேட்கின்றன. அங்கே கட்டணமும் மிச்சம்.

5. இது மறைப்பதா?

தங்கச்சி கடைசியாக இதைத்தான் கேட்டாள்: "அண்ணே, ஒன்ன அனுப்பாம விட்டா பொய் சொன்ன மாதிரி ஆகாதா?"

நல்ல கேள்வி. தேர்ந்தெடுக்கலாம் என்று அவர்களே சொல்லியிருந்தால், தேர்ந்தெடுப்பது பொய்யாகாது. எல்லாவற்றையும் காட்டு என்று கேட்கும் இடத்தில் ஒன்றை விட்டால் அது பொய்தான். 690ஐ 720 என்று எழுதுவதும் பொய்தான். அதிகாரபூர்வ அறிக்கை வரும்போது அது தெரிந்துவிடும், கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பிடிபடாவிட்டாலும், நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஆசிரியர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

உங்களுக்கு ஒரு வேலை

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பல்கலைக்கழகம், அதன் விதி, சூப்பர்ஸ்கோர் உண்டா, சி9 எண்கள், உபகாரச் சம்பளத்துக்கு மதிப்பெண் தேவையா. ஒவ்வொரு இடத்துக்கும் ஐந்தையும் நிரப்பிய பிறகே முடிவு செய்யுங்கள். தங்கச்சியும் நானும் அன்று ராத்திரியே உட்கார்ந்து ஏழு இடங்களுக்கு நிரப்பினோம். ஐந்து இடங்களுக்கு இரண்டு தேர்வும் போகிறது. ஓர் இடத்துக்கு 1360 மட்டும். இன்னோர் இடத்துக்கு எதுவும் வேண்டாம் என்று முடிவானது. அந்த முடிவை எடுத்தது வெட்கம் இல்லை, கணக்கு.

உங்கள் மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், முதலில் படியுங்கள். பிறகு கூட்டிப் பாருங்கள். வெட்கப்படுவதாக இருந்தால் அதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.