ஆணி குத்தினால் ரன்ஃபிளாட்டா, ஸ்டெப்னியா?

கேள்வி: புது காருக்கு டயர் மாற்ற வேண்டும். ரன்ஃபிளாட் போட்டால் பஞ்சர் கவலையே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ரன்ஃபிளாட் டயரும் பஞ்சராகும், நடுவழியில் நிறுத்தாது, அவ்வளவுதான். அதன் பக்கச்சுவர் தடித்த ரப்பரால் ஆனது. காற்று முழுக்க இறங்கினாலும் வண்டியின் எடையை அதுவே தாங்கும். பெரும்பாலானவை மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓடும். காற்று போனதே ஓட்டுபவருக்குத் தெரியாது என்பதால், டயர் அழுத்தம் காட்டும் கருவி இல்லாத காரில் இதைப் போடக்கூடாது. விலை அதிகம், பள்ளம் மேடுகளில் குலுக்கலும் அதிகம். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டைப் பெரும்பாலும் புதிதாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்டெப்னி உள்ள காருக்குச் சாதாரண டியூப்லெஸ் டயரே போதும். ஆணி குத்தினால் அதைப் பிடுங்காமல் விடுவது நல்லது. காற்று மெதுவாகத்தான் இறங்கும். அடிக்கடி காற்று பிடித்தபடி பஞ்சர் கடை வரை போய்விடலாம். வெளியிலிருந்து திரி செருகுவது அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்பக்கம் போடும் காளான் பேட்ச்தான் நீடிக்கும். பக்கச்சுவரில் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, புது டயர்தான்.

(ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸின் லனெல்லி நகரத் தெரு ஒன்றிலிருந்து வந்தது. 1904-இல் மாற்றுச் சக்கரம் தயாரான இடம் அது.)