பெங்களூருவின் நரம்புச் சிதைவு நோய் ஆய்வகங்களில் சேர்வதற்கான வழிமுறை

மூளையின் நரம்பணுக்கள் படிப்படியாகச் செயலிழந்து மடியும் அல்சைமர், பார்க்கின்சன் போன்றவை நரம்புச் சிதைவு நோய்கள் எனப்படுகின்றன. இவற்றை ஆராயும் நிறுவனங்கள் பல ஒரே நகரில் அமைந்திருப்பதால், உயிரியல் முதுகலைப் பட்டதாரிகளுக்குப் பெங்களூரு நல்ல களமாகும்.

இங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புவோர், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலோ உயிரித் தொழில்நுட்பத் துறையின் (டி.பி.டி.) பெட் தேர்விலோ ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவது முதற்படி. 2023 முதல் அதற்குரிய உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய்.

பெரும்பாலோர் தடுமாறுவது அடுத்த படியில், அதாவது நோயின் பெயரை மட்டும் பார்த்து ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். ஒரே அல்சைமரை நான்கு இடங்களில் நான்கு விதமாக அணுகலாம் என்பதால், நோயைவிட ஆய்வுப்பொருளையே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் உள்ள மூளை வங்கி, இறந்தோரின் குடும்பத்தார் கொடையளித்த மூளைகளைப் பாதுகாத்து ஆய்வுக்கு வழங்குவதால், நோய் முற்றிய நிலையைத் திசுவிலேயே காண விரும்புவோருக்கு அது ஏற்றது. தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) குருத்தணு ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெமும் அமைந்த வளாகத்தில் குருத்தணு ஆய்வு, அதாவது மனித உயிரணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து நோய்களை ஆராயும் முறை, வலுவாக உள்ளது. உயிரணு வளர்ப்பில் விடுமுறை நாள் என்று ஒன்று இல்லை என்பதை அறிந்தே அங்கே செல்ல வேண்டும். ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மையத்தில், உயிரணு தன் கழிவுகளைத் தானே செரித்துக்கொள்ளும் தன்விழுங்கல் வினை ஆராயப்படுகிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையமோ, கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயதைக் கடந்தோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, நினைவாற்றல், மரபணு, மூளைப் படிமம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. புள்ளியியல் தேர்ச்சியோடு கன்னடமோ தெலுங்கோ அறிந்தோர் அங்கு மிகவும் பயன்படுவர். தமிழ்நாட்டு மாணவர்கள் பெரிதும் கவனிக்காத இவ்வாய்ப்பு உரிய கவனத்துக்குத் தகுதியானது.

அதன்பின் ஆய்வகத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது முற்றிலும் வீண். அவருடைய அண்மைக்காலக் கட்டுரைகள் இரண்டில், முடிவுரையைக் காட்டிலும் செய்முறைப் பகுதியைக் கூர்ந்து படித்து, அதில் எழும் ஒரு கேள்வியையும், வெஸ்டர்ன் பிளாட், திசுச் சாயமேற்றல், ஆர் நிரலாக்கம் என விண்ணப்பதாரர் தம் கையால் செய்து பழகியவற்றையும் அரைப் பக்கத்துக்குள் எழுதினாலே போதும். வகுப்பில் கேட்டறிந்ததை மட்டும் வைத்துத் திறனாகக் குறிப்பிடக் கூடாது. நேர்காணலின் இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். இரு வாரங்களில் பதில் வராவிடில் ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம்.

முனைவர் பட்ட இடம் உடனே கிடைக்காதோர் திட்ட உதவியாளர் பணியில் சேர்வது தவறன்று. உண்மையில் அதுவே சிறந்த பயிற்சி. எனினும், அப்பணி திட்ட நிதி உள்ளவரை மட்டுமே நீடிப்பதால், நிதி முடிவடையும் மாதத்தையும், வெளியாகும் கட்டுரையில் பெயர் இடம்பெறும் முறையையும் சேர்வதற்கு முன்பே தயங்காமல் கேட்டறிதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் தெளிவான விடை தராத ஆய்வகத்தைத் தவிர்ப்பதே நல்லது.