மைஷோஸ் கிராமத்தில் ஒரு நாள்
திராட்சை உழவர் சங்கம் கற்பிக்கும் பாடம்

கூட்டுறவின் வரலாற்றைப் பயின்ற அங்கத்தினர்கள் ரைபைசன் என்னும் பெரியாரின் பெயரை அறிந்திருப்பர். அவர் ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள ஹெட்டெஸ்டார்ப் என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். அக்காலத்துச் சென்னை மாகாண அரசு 1892இல் நியமித்த நிக்கல்சன் துரை ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் தம் அறிக்கையை அளித்தார். ரைபைசனைப் போன்ற ஒருவரைக் கண்டெடுப்பதே நம் உழவரின் கடன் துயருக்கு மருந்து என்பது அவர் கண்ட முடிவு. 1904இல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சங்கமும் தோன்றியது. ஆகவே ரைன் நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு பழைய உறவாகும்.

ஹெட்டெஸ்டார்ப்புக்குச் சிறிது வடக்கே, ரைன் நதியின் மேற்குக் கரையில் வந்து கலப்பது ஆர் என்னும் சிற்றாறு. அதன் பள்ளத்தாக்கில் திராட்சை உழவர் வாழும் கிராமங்களை ஒரு நாள் முழுதும் கண்டு வந்தோம். திராட்சை அங்கே மதுவாகிறது. மதுவைப் பற்றி நம் மக்களின் கருத்து யாதாயினும் ஆகுக. நாம் காணச் சென்றது கோப்பையை அன்று, கூட்டுறவை.

பள்ளத்தாக்கும் பயிரும்

காலையில் ரெமாகன் என்னும் ரைன் கரை ஊரிலிருந்து புறப்பட்டு மேற்கு நோக்கிச் சென்றோம். மதில் சூழ்ந்த ஆர்வைலர் நகரைக் கடந்ததும் பள்ளத்தாக்கு குறுகுகிறது. டெர்னாவ், ரெஹ் ஆகிய ஊர்களைத் தாண்டினால், சாபன்பர்க் என்னும் பாழடைந்த கோட்டையின் அடியில் மைஷோஸ் கிராமம் தோன்றுகிறது. ஆற்றங்கரையில் வீடுகள், வீடுகளுக்கு மேலே செங்குத்தான மலைச் சரிவு, சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிப் படியான வயல்கள். அவ்வளவே ஊர்.

ஜெர்மனியின் 13 திராட்சை வட்டாரங்களுள் இது சிறியவற்றுள் ஒன்று. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 560 ஹெக்டேர். வடக்கே குளிர் மிகுந்த இடமாயினும் இங்கே கருந்திராட்சை பழுப்பதற்குக் காரணம் உண்டு. தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேரே ஏற்கிறது. மண்ணில் கலந்துள்ள பலகைக் கற்கள் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் திருப்பித் தருகின்றன. ஆனால் இச்சரிவில் பெரிய இயந்திரம் ஏற இயலாது. கவாத்துச் செய்தல், கொடியைக் கட்டுதல், பழம் பறித்தல் யாவும் பெரும்பாலும் கைவேலையே. சமவெளி உழவனைவிடப் பன்மடங்கு உழைத்தே இவர்கள் பிழைக்க வேண்டும்.

நிலமோ சிறிது. தந்தையின் நிலத்தை மக்கள் யாவரும் சமமாகப் பங்கிடும் வழக்கம் ரைன் நாட்டில் வேரூன்றியிருந்தமையால், வயல்கள் துண்டு துண்டாயின. நம் உழவர் இதனை நன்கு அறிவர்.

1868இல் நேர்ந்தது

1834இல் ஜெர்மானிய நாடுகள் தமக்குள் சுங்கத் தடைகளை நீக்கிக்கொண்டன. தெற்கு வட்டாரங்களின் சரக்கு தடையின்றி உள்ளே வந்தது. ஆர் நதிக்கரைச் சரக்கின் விலை வீழ்ந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளும் சேர்ந்துகொண்டன. பலர் ஊரைத் துறந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

எஞ்சியவர் நிலை யாது? பறித்த திராட்சை காத்திராது. சாறு பிழிந்து சேமிக்கப் பீப்பாயும் நிலவறையும் வேண்டும். சிறு உழவனிடம் அவை இல்லை. அதனை அறிந்த வியாபாரி அறுவடைக் காலத்தில் வந்து, தான் வைத்ததே விலை என்றான். பாவும் ஊடையும் கடனாக வாங்கி, நெய்த சேலையை அக்கடன் கொடுத்தவனிடமே ஒப்படைக்கும் நெசவாளனின் நிலைக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

1868ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மைஷோஸ் ஊரார் 18 பேர் கூடிச் சங்கம் அமைத்தனர். உலகத்தின் மிகப் பழைய திராட்சை உழவர் சங்கங்களுள் ஒன்றாக இது பேசப்படுகிறது. அதற்கு முந்திய ஆண்டில் பிரஷ்ய அரசு கூட்டுறவுச் சட்டம் இயற்றியிருந்தது. அச்சட்டப்படி அங்கத்தினர் பொறுப்புக்கு எல்லை இல்லை; சங்கம் கடன்பட்டால் ஒவ்வொருவருடைய வீடும் நிலமும் அதற்கு ஈடாகும். வரையறுத்த பொறுப்புடன் சங்கம் அமைக்க 1889ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. இரண்டாண்டுக்கு ஒரு முறை தணிக்கையும் அச்சட்டத்தால் கட்டாயமாயிற்று. முதல் 18 பேரும் தம் உடைமை முழுவதையும் ஒருவர்க்கொருவர் பிணையாக வைத்தார்கள் என்பதை மறத்தல் கூடாது. பின்னர்ப் பள்ளத்தாக்கின் பிற ஊர்களும் இவர்களைப் பின்பற்றின. 1982இல் அண்டை ஊராகிய ஆல்டனார் சங்கம் மைஷோஸ் சங்கத்தோடு இணைந்தது.

வாசலில் நிற்கும் அளவுகோல்

இத்தகைய சங்கங்களின் உயிர்நிலை எது? கட்டடம் அன்று, கொள்முதல் வாசலே ஆகும். இதனை அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

திராட்சை வந்தவுடன் எடை பார்ப்பதோடு சாற்றின் இனிப்பையும் அளக்கிறார்கள். பார்ட்சைம் நகரத்துப் பொற்கொல்லர் பெர்டினாண்டு எக்ஸ்லே (1774–1852) என்பவர் பெயரால் அவ்வளவு வழங்குகிறது. ஒரு லிட்டர் நீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் சாறு 1,080 கிராம் இருந்தால் அது 80 எக்ஸ்லே. சர்க்கரை மிகுந்தால் எடை மிகும். எடையும் தரமும் சேர்ந்தே விலையை நிர்ணயிக்கின்றன. தலைவருடைய பழமாயினும் ஏழை அங்கத்தினருடைய பழமாயினும் கருவி ஒன்றே.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பலருடைய சாறு ஒரே தொட்டியில் கலக்கிறது. ஒருவன் கொணர்ந்த அழுகல் பழம் ஒன்பது பேருடைய நற்பழத்தையும் கெடுக்கும். எடைக்கு மட்டும் விலை தந்தால், பழுக்கும் முன் பறிப்பவனும் பொறுத்திருந்து பறிப்பவனும் ஒரே கூலி பெறுவர். மறு ஆண்டு பொறுத்திருப்பவர் எவரும் இரார்.

மற்றொரு விதியும் உண்டு. வீட்டுத் தேவைக்குச் சிறிது போக, விளைச்சல் முழுவதையும் சங்கத்துக்கே தருதல் வேண்டும். நற்பழத்தை வெளி வியாபாரிக்கு விற்று, எஞ்சியதைச் சங்கத்தில் தள்ளுதல் குற்றமாகும். பணமோ ஒரே நாளில் முழுதும் கிடைப்பதில்லை. முன்பணம் முதலில், மீதி விற்பனைக்குப் பின் தவணையாக. அவசரக்காரனுக்கு வியாபாரியின் ரொக்கம் இனிக்கும். அந்த ஆசையை அடக்கியவர்களே சங்கத்தைக் காத்தவர்கள்.

வெள்ளம் வந்த இரவு

பிற்பகலில் ஆற்றங்கரையில் நின்றோம். குழந்தையும் இறங்கி விளையாடத்தக்க ஆறு. பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழமும் இராது. 2021ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் இரவு, ஆல்டனாரில் அது ஏறத்தாழ 10 மீட்டர் உயர்ந்தது. 1804, 1910 ஆகிய ஆண்டுகளிலும் பெருவெள்ளம் உண்டு. ஆயினும் இம்முறை பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் மாண்டனர். பாலங்களும் இருப்புப்பாதையும் அழிந்தன. மைஷோஸ் சில நாட்கள் வெளியுலகத் தொடர்பின்றி நின்றது. நிலவறைகளில் சேறு புகுந்தது.

வயல்களில் பெரும்பகுதி சரிவின்மேல் இருந்தமையால் பிழைத்தது. சில வாரங்களில் அறுவடை, கருவிகளோ இல்லை. அப்போது மற்ற வட்டாரத்துத் திராட்சை உழவர்கள், சந்தையில் போட்டியாளர்களாய் இருந்தவர்கள், தம் வேலையை விட்டுவிட்டு ஆளும் பொறியுமாக வந்து உதவினர். சேறு படிந்த புட்டிகளைக் கழுவாமல் அப்படியே நன்கொடையாளருக்கு அனுப்பி, பள்ளத்தாக்கினர் 40 லட்சம் யூரோவுக்கு மேல் நிதி திரட்டினர்.

நாம் கொள்ளும் பாடம்

மாலையில் சரிவின் ஒற்றையடிப் பாதையில் ஏறிக் கீழே நோக்கினோம். ஒரு குடும்பத்தின் வயல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மேல்வயலின் கற்சுவர் சரிந்தால் கீழ்வயலும் போகும். சங்கமும் அத்தகையதே.

ஊடையைக் குறைத்து நெய்த ஒரு சேலை, சங்கத்தின் முத்திரையோடு சந்தைக்குச் சென்றால், நேர்மையாய் நெய்த நூறு சேலைகளின் விலை இறங்கும். நீர் தெளித்த ஒரு மூட்டைப் பருத்தியும் அவ்வாறே. அதனை வாசலில் தடுப்பது பகையன்று. மற்றவரின் கூலியைக் காப்பதாகும். கண்டிப்பான அளவும் ஒளிவில்லாத கணக்கும் உள்ள இடத்தில்தான் நம்பிக்கை வளரும். அந்நம்பிக்கையே வெள்ளம் வரும் நாளில் துணை நிற்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் சரக்கின் தரத்தை அளப்பவர் யார்? அளவை அங்கத்தினர் யாவரும் காணும்படி செய்கிறோமா?

2. நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் விலையில் போதிய வேற்றுமை உண்டா?

3. அங்கத்தினர் வெளியில் விற்பதற்குக் காரணம் பேராசையா, நாம் பட்டுவாடாவில் செய்யும் தாமதமா?

4. நம் நூற்கிடங்கும் தானியக் கிடங்கும் மழைநீர் எட்டாத உயரத்தில் உள்ளனவா?

மூன்றாம் வினாவுக்கு நிர்வாகக் குழுவினர் முதலில் விடை கூறட்டும்.