காற்றழுத்த ஆணிக் கருவியும் அதில் சிக்கிய ஆணியை அகற்றும் முறையும்

மரப்பெட்டிகளும் சரக்கடுக்கும் மரத்தட்டுகளும் செய்யப்படும் பட்டறைகளில் சுத்தியலின் வேலையைப் பெரும்பாலும் காற்றழுத்த ஆணிக் கருவியே இன்று செய்து வருகிறது. இவ்வகைக் கருவி 1950-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வீடுகளின் தரைப்பலகைகளைப் பொருத்துவதற்காக விற்பனைக்கு வந்தது.

கம்ப்ரஸரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே வரும் காற்று கருவியின் உருளையைச் சூழ்ந்து காத்திருக்கிறது. விசையை இழுத்தால் வால்வு திறந்து, காற்று பிஸ்டனின் தலைமேல் பாய்கிறது. பிஸ்டனோடு இணைந்த அடிதண்டு, வரிசையின் முதல் ஆணியைப் பிரித்து மரத்துள் செலுத்துகிறது. ஆசிரியர்கள் இதனைக் கணக்காகவும் காட்டலாம். 5 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. ஆகும். சதுர செ.மீ. ஒன்றுக்கு 7 கிலோகிராம் அழுத்தமிருப்பின், அதன்மேல் விழும் விசை சுமார் 140 கிலோகிராம் எடைக்குச் சமம். மரத்திற்கும் கைக்கும் அது வேற்றுமை பாராட்டுவதில்லை.

கருவியின் மூக்கிலுள்ள தொடுமுனை மரத்தில் அழுந்தினாலன்றி ஆணி வெளிவராது. சில கருவிகளில் முதலில் தொடுமுனையை அழுத்தி, பின்னரே விசையை இழுத்தல் வேண்டும். வேறு சிலவற்றில் விசையை இழுத்தபடியே முனையைத் தொட்டுத் தொட்டு அடிக்கலாம். பின்னதில் வேகம் அதிகம். பின்னுதைப்பால் முனை மீண்டும் மரத்தில் பட்டு, வேண்டாத இரண்டாம் ஆணி பாயும் அபாயமும் அதிகம். பயில்வோர் கையில் முதல் வகையையே கொடுத்தல் வேண்டும்.

அளவு பொருந்தாத ஆணி, குறைந்த அழுத்தம், எண்ணெயின்மை, தேய்ந்த அடிதண்டு ஆகியவற்றால் ஆணி வளைந்து மூக்கினுள் சிக்கிக்கொள்கிறது. அவசரத்தில் தொழிலாளி குறட்டை எடுத்து அப்படியே பிடுங்க முற்படுவதுண்டு. இதுவே பெருந்தவறு. காற்று இணைந்திருக்கையில் கை தவறி விசையிலோ தொடுமுனையிலோ பட்டால் அடிதண்டு பாய்ந்துவிடும். எதிரில் இருப்பது விரல்.

ஆகவே முதற்கண் காற்றுக் குழாயைக் கழற்றுக. விசையிலிருந்து விரலை எடுப்பது மட்டும் போதாது. குழாய் கழன்றதும் கருவியினுள் எஞ்சிய காற்று தானே வெளியேறும்படி இணைப்பு அமைந்திருத்தல் வேண்டும்; அவ்வாறு அமையாத இணைப்பை மாற்றிவிடுக. அடுத்து, எஞ்சிய ஆணி வரிசையை ஆணிப்பெட்டியிலிருந்து எடுத்துவிடுக. கண்ணாடியணிந்து, மூக்கின் தாழைத் திறந்து, வளைந்த ஆணியைக் குறட்டால் இழுக்கலாம். அடிதண்டு பாதிவழியில் நின்றிருந்தால், தட்டை முனையுள்ள உளிக்கம்பியை அதன் நுனியில் வைத்து மெதுவாகத் தட்டி மேலேற்றுக. தடை நீங்கியதும் தண்டு திடீரென நகரக்கூடுமாதலின், விரல் அதன் பாதையில் இருத்தலாகாது.

பின்னர்க் காற்று நுழையும் வாயில் காற்றுக் கருவிகளுக்குரிய எண்ணெய் சில துளிகள் விட்டு, மூக்கை மூடி, தொடுமுனை தடையின்றி அசைகிறதா எனப் பார்த்தல் நலம். அசையாத தொடுமுனையைக் கம்பியால் கட்டிவிட்டு வேலையைத் தொடரும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மேற்பார்வையாளர் கண்டவுடன் அக்கருவியை விலக்கிவைத்தல் வேண்டும். கம்ப்ரஸருக்குப் பதிலாக ஆக்ஸிஜன் முதலிய வாயு உருளைகளை இணைப்பது வெடிவிபத்தில் முடியும்.

குழாயை மீண்டும் இணைக்கும்போது விரல் விசையில் படாமலும், மூக்கு எவரையும் நோக்காமலும் இருத்தல் அவசியம். முதல் ஆணியைக் கழிவுப் பலகையில் அடித்துப் பார்க்கலாம். அதன் பின்னும் ஆணி அடிக்கடி சிக்குமாயின், அடிதண்டின் நுனி தேய்ந்து உருண்டிருக்கலாம். அதனை மாற்றுவது பழுது பார்ப்பவரின் வேலை.