பழைய தோட்ட டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: கியர் வகையா? ஹைட்ரோஸ்டாட்டிக் வகையா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓரிரு ஏக்கர் நிலத்தில் காய்கறியும் பழமரங்களும் வளர்ப்போர் பலர், 40, 50 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தோட்ட டிராக்டர்களை இன்றும் வாங்கி உழைக்க வைக்கின்றனர். இவற்றில் பல, ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும், வார்ப்பிரும்பினால் ஆன கனமான பின்அச்சுப் பெட்டியும் கொண்டவை. கலப்பை, சுழல் கலப்பை, புல் வெட்டி, பனி தள்ளும் பலகை ஆகியவற்றை ஒரே டிராக்டரில் மாற்றி மாற்றிப் பொருத்தலாம்.

வாங்கச் செல்பவர் முன் எழும் முதல் கேள்வி, 'கியர் வகையா, ஹைட்ரோஸ்டாட்டிக் வகையா?' என்பதுதான். தவறாகத் தேர்ந்தெடுத்தால் டிராக்டரின் விலையை விடப் பழுது பார்க்கும் செலவு மிகுந்துவிடும். நம் நாட்டு உழவர்களுக்கும் இச்செய்தி பயன்படும். நமது பவர் டில்லர் பற்சக்கரங்களால் ஓடுவது. தடச் சங்கிலியில் ஓடும் நெல் அறுவடை இயந்திரங்களிலும், அமர்ந்து ஓட்டும் நடவு இயந்திரங்களிலும் ஹைட்ரோஸ்டாட்டிக் முறை பரவலாக உள்ளது. இரண்டின் குணத்தையும் அறிந்திருப்பது நலம்.

கியர் வகை

எஞ்சினின் சக்தி பெல்ட் மூலமாகவோ தண்டு மூலமாகவோ பற்சக்கரப் பெட்டிக்குச் சென்று, அங்கிருந்து பின்சக்கரங்களை அடைகிறது. 1960களின் தொடக்கத்தில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வெளியிட்ட முதல் கப் கேடட் டிராக்டர் இவ்வகையைச் சேர்ந்தது. 7 குதிரைத்திறன் எஞ்சினும், முன்னோக்கி மூன்று வேகமும், பின்னோக்கி ஒரு வேகமும் உடையது. வீல் ஹார்ஸ் டிராக்டர்களில் பிற்காலத்தில் வந்த எட்டு வேகப் பெட்டியில் முன்னோக்கி ஆறும் பின்னோக்கி இரண்டும் உண்டு.

கொடுத்த சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சக்கரத்தைச் சென்றடைவது கியர் வகையின் சிறப்பு. ஆனால் வேகத்தை மாற்ற வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியர் போட வேண்டும். கிடைக்கும் வேகங்களும் சிலவே.

ஹைட்ரோஸ்டாட்டிக் வகை

இதில் எஞ்சின் ஒரு எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுகிறது. பம்பினுள் சிறு பிஸ்டன்கள் ஒரு சாய்வுத் தட்டின் மேல் சுழல்கின்றன. தட்டு சாயாமல் நேராக நின்றால் எண்ணெய் பாயாது, வண்டி நிற்கும். நெம்புகோலைத் தள்ளத் தள்ளத் தட்டு சாய்ந்து, எண்ணெய் அழுத்தத்துடன் பாய்ந்து, ஒரு மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் பின்அச்சை இயக்கும். தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் வண்டி பின்னோக்கிச் செல்லும். இடையில் கிளட்சும் வேண்டாம். கியர் மாற்றமும் வேண்டாம்.

இம்முறை கப் கேடட் டிராக்டர்களில் 1960களின் நடுவிலும், ஜான் டீரின் 140 மாடலில் 1968லும் வந்தது. இதன் குறை, சக்தியின் ஒரு பகுதி எண்ணெயின் சூடாக வீணாவதுதான். நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு வரையே சக்கரத்திற்குக் கிடைக்கும் எனக் கொள்ளலாம்.

எந்த வேலைக்கு எது?

கலப்பை பூட்டி உழுதல், பாரம் இழுத்தல் போன்று ஒரே சீராக நெடுநேரம் இழுக்கும் வேலைக்குக் கியர் வகை ஏற்றது. அதே குதிரைத்திறனில் அது கூடுதலாக இழுக்கும். சூடேறும் கவலையும் குறைவு.

மரங்களைச் சுற்றிப் புல் வெட்டுதல், பனி அல்லது மண் தள்ளுதல் போன்று அடிக்கடி முன்னும் பின்னும் செல்லும் வேலைக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் வகை சிறந்தது. சுழல் கலப்பைக்கும் இது நன்று. எஞ்சின் முழு வேகத்தில் ஓட, வண்டி மட்டும் மெல்ல ஊர்ந்து செல்லும்; மண் நன்கு பொடியாகும். சுமை மிகுந்து எஞ்சின் திணறினால் நெம்புகோலை முன்னே தள்ளக்கூடாது. பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைத்தால் இழுவை கூடும்.

வாங்கும்முன் சோதனை

கியர் வகையில் ஒவ்வொரு கியரிலும் ஓட்டிப் பார்க்கவும். சுமையில் கியர் தானே நழுவி வெளிவந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். கிளட்ச் அல்லது பெல்ட் வழுக்குவது சிறு பழுது. ஆனால் பெட்டியில் உடைந்த பல் உருளும் ஓசை கேட்டால் வாங்க வேண்டாம்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வகையைக் குளிர்ந்த நிலையில் ஓட்டி முடிவு செய்தல் கூடாது. தேய்ந்த பம்பும் குளிர்ந்த கெட்டி எண்ணெயில் நன்றாகவே இழுக்கும். ஆகவே அரைமணி நேரம் ஓட்டி, எண்ணெய் சூடான பிறகு மேட்டில் ஏற்றிப் பார்க்கவும். அப்போது வலு குறைந்தால் பம்பும் மோட்டாரும் தேய்ந்திருக்கக்கூடும். இரைச்சல் மிகுந்தாலும் எச்சரிக்கை தேவை. நெம்புகோல் நடுநிலையில் இருந்தும் வண்டி ஊர்ந்தால் பெரும்பாலும் இணைப்புத் தண்டுகளைச் சரிசெய்தாலே போதும்.

இரு வகையிலும் எண்ணெயைப் பார்க்கவும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஹைட்ரோஸ்டாட்டிக்கில் கருகிய மணம் வீசினால் வண்டி அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பம்பின் குளிர்விக்கும் விசிறி உடையாமலும், இதழ்களில் புல் அடைக்காமலும் இருக்க வேண்டும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

கையேட்டில் கூறிய எண்ணெயையே ஊற்றவும். கப் கேடட்டில் இரு வகைக்குமே ஹை-டிரான் என்னும் எண்ணெய்தான். வேறு பல கியர் பெட்டிகளுக்குக் கெட்டியான கியர் ஆயில் தேவை. ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பினுள் சிறு தூசி சென்றாலும் வழவழப்பான பரப்புகள் கீறப்படும். எண்ணெய் ஊற்றுமுன் மூடியைச் சுற்றித் துடைப்பதும், வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவதும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி நின்றுபோனால், எண்ணெய் வழியைத் திறந்துவிடும் வால்வைத் திறக்காமல் இழுத்துச் செல்லக்கூடாது. சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, 'எண்ணெய் பிடித்துக்கொள்ளும்' என்று இறங்குவது ஆபத்து. எண்ணெய் மெல்லக் கசியும், வண்டி உருளும். கைப் பிரேக்கைப் போட்ட பின்னரே இறங்கவும்.

முடிவு

கியர் பெட்டியைப் பொறுமையும் கருவிகளும் உள்ள உழவர் தாமே பிரித்துப் பூட்டலாம். பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பிற்கோ கைதேர்ந்தவர் வேண்டும்; பல பாகங்கள் இன்று தயாரிப்பில் இல்லாததால், கழித்துக்கட்டிய வண்டிகளிலிருந்தே எடுக்க வேண்டியுள்ளது. எனவே உழவே முக்கியம், கையில் பணம் குறைவு என்பவருக்குக் கியர் வகையே ஏற்றது. பலவகை வேலையும், முன்பின் ஓட்டமும் மிகுதி என்பவர், சூடான பின்னும் வலு குறையாத ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வண்ணப்பூச்சைப் பார்த்து விலை பேசாமல், வேலையைக் கொடுத்துப் பார்த்து விலை பேசுவதே இழப்பைத் தவிர்க்கும் வழி.