இளையோர் நீரிழிவும் இதய நலமும்

இனிப்பு நீர் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் தாத்தா பாட்டிமார்கள். மாரடைப்பு என்றதும் ஐம்பதைத் தாண்டிய அப்பாக்களும் மாமாக்களும். பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்றே பலரும் கேட்பர். ஆனால், நடுவயதில் வெளிப்படும் இதய நோய் இளமையிலேயே தொடங்கிவிடுகிறது. நீரிழிவு அதனை மேலும் விரைவுபடுத்துகிறது. நீரிழிவுள்ள பிள்ளை இன்று நலமாக ஓடி விளையாடலாம். அந்த நலமான ஆண்டுகளில் நாம் காட்டும் கவனமே பிற்காலத்தில் அப்பிள்ளையின் இதயத்தைக் காக்கும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகை நீரிழிவு

சிறாரிடம் காணப்படும் நீரிழிவு பெரும்பாலும் இருவகைப்படும். முதல் வகையில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இது மிட்டாய் அதிகம் தின்றதால் வருவதன்று. பெற்றோரின் வளர்ப்பில் நேர்ந்த குறையுமன்று. 1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் உயிர்வாழ்ந்ததில்லை.

இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதனைச் சரிவரப் பயன்படுத்துவதில்லை. உடற்பருமன், உடலுழைப்புக் குறைவு, குடும்ப வழி ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. ஒரு காலத்தில் பெரியவர்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட இவ்வகை, இப்போது பதின்ம வயதினரிடமும் காணப்படுகிறது.

இரத்தக் குழாயில் நடப்பது என்ன?

இரத்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலம் ஒன்று உள்ளது. குழாய் விரிவதற்கும், இரத்தம் உறையாமல் ஓடுவதற்கும் இது துணைபுரிகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஓயாமல் மிகுந்திருந்தால் இப்படலம் நைந்துபோகும். நைந்த இடத்தில் கெட்ட கொழுப்பு உள்ளே புகுந்து படிகிறது. இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் குழாய் தடித்து விறைக்கிறது. இவை நடக்கும்போது வலி இல்லை. மூச்சுத் திணறலும் இல்லை.

நீரிழிவு இல்லாதவர்களிடமும் இம்மாற்றம் இளமையிலேயே தொடங்கலாம். கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். வீரர்களின் சராசரி வயது ஏறத்தாழ 22. இருந்தும் அவர்களுள் 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளங்கள் தென்பட்டன.

ஆய்வுகள் கூறுவன

முதல் வகை நீரிழிவு உள்ள 27,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சுவீடனில் நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. பத்து வயதுக்கு முன்பே நோய் கண்டவர்களின் வாழ்நாள் சராசரியாக ஆண்களில் 14 ஆண்டுகளும் பெண்களில் ஏறக்குறைய 18 ஆண்டுகளும் குறைந்திருந்தது. பெண் பிள்ளைகளின் இழப்பு கூடுதலாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் வகை இதனினும் விரைவாகத் தாக்குகிறது. அமெரிக்காவில் 2004 முதல் 'டுடே' என்னும் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 10 முதல் 17 வயதினர். 2021இல் வெளியான அறிக்கையின்படி, அவர்கள் சராசரியாக 26 வயதை எட்டியபோது மூவரில் இருவருக்கு உயர் இரத்த அழுத்தம் வந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தக் கொழுப்பில் கோளாறு. பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. சிலர் அவ்வயதிலேயே மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் ஆளாயினர்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் 13 முதல் 39 வயதினர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையும், மற்றொரு பிரிவினர் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சிகிச்சையும் பெற்றனர். ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. இருந்தும் 2005இல் கணக்கிட்டபோது, தொடக்கத்தில் நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் இதய, இரத்தக் குழாய் நோய்கள் 42 விழுக்காடு குறைவாக இருந்தன. தொடக்க ஆண்டுகளில் எடுத்துக்கொண்ட கவனத்தை உடல் நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கிறது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழி இரத்தக் குழாய்க்கும் பொருந்தும் போலும்!

நம் வீடுகளில்

மலேசியாவில் 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த இந்தியர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இதுவே மிக உயர்ந்த விகிதம். ஆகவே, நம் பிள்ளைகளில் பலர் குடும்ப வழி ஆபத்தோடுதான் பிறக்கின்றனர்.

பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால், 'அழுக்கு' என்று சோப்புப் போட்டுத் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பல வேளைகளில் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாததன் அறிகுறியாகும். தேய்ப்பதை விட்டு மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

நோயை மறைப்பது மற்றொரு வழக்கம். "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்ற அச்சத்தில் மகளின் நோயைச் சொந்தக்காரர்களிடமிருந்து மறைக்கும் பெற்றோர் உள்ளனர். மறைக்கப் பழகிய பெண், கேண்டீனில் தோழியர் முன் ஊசியை எடுக்கத் தயங்குவாள். தவறவிட்ட ஊசிகள் ஒவ்வொன்றும் அவளது இரத்தக் குழாயின் கணக்கில் ஏறுகின்றன. பாகற்காய்ச் சாற்றை நம்பி இன்சுலினை நிறுத்துவதோ உயிருக்கே உலை வைப்பதாகும்.

செய்ய வேண்டியவை

1. மருத்துவரைக் காணும் ஒவ்வொரு முறையும் பிள்ளையின் இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்ல வேண்டும்.

2. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை விடாமல் செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு இலக்கு 7 விழுக்காட்டுக்குக் கீழ்.

3. கெட்ட கொழுப்பு 2.6 மில்லிமோலுக்குக் குறைவாக இருப்பது நலம். உணவு மாற்றத்தால் குறையாதபோது, பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் மாத்திரை தரக்கூடும். "சின்னப் பிள்ளைக்கு எதற்கு?" என்று ஒதுக்காமல் விளக்கம் கேட்டறிய வேண்டும்.

4. சிறுநீரில் புரதம் கலக்கிறதா என்று மருத்துவர் கூறும் காலத்தில் பார்க்க வேண்டும். அது சிறுநீரகத்துக்கு மட்டுமன்று, இதயத்துக்கும் எச்சரிக்கை மணி.

5. புகைபிடித்தலும் வேப்பும் அறவே கூடாது.

6. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடல் வியர்க்க விளையாட வேண்டும். தே தாரேக்கின் இடத்தில் தே ஓ கோசோங் வரட்டும். வெறுந்தண்ணீர் அதனினும் நன்று.

மாணவர்களாகிய நம் பங்கு

பதினெட்டு வயதில் பிள்ளை, குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான கிளினிக்கிற்கு மாறுகிறான். அதே வேளையில் வீட்டைவிட்டுப் பல்கலைக்கழக விடுதிக்கும் வருகிறான். மருந்தை நினைவூட்ட அம்மா அருகில் இல்லை. பரிசோதனை நாளில் விரிவுரையோ தேர்வோ குறுக்கிடுகிறது. இவ்விடைவெளியில் சிகிச்சையைக் கைவிடுவோர் பலர்.

நம் விடுதி அறையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவர் ஊசி போடும்போது வியப்பாகப் பார்க்காதிருப்போம். கிளினிக் நாளில் விரிவுரைக் குறிப்பை எடுத்துத் தருவோம். இரவு மாமாக் கடையில் வற்புறுத்தி ஊட்டாதிருப்போம். விடுமுறையில் வீடு திரும்பும்போது, நீரிழிவுள்ள தம்பி தங்கையரின் மருத்துவ அட்டையை ஒருமுறை வாங்கிப் பார்ப்போம். சர்க்கரை அளவு மட்டும் குறிக்கப்பட்டு, இரத்த அழுத்தமும் கொழுப்பும் விடுபட்டிருந்தால், அடுத்த முறை அவர்களோடு நாமும் மருத்துவமனைக்குச் சென்று கேட்போம். படித்தவர் என்று நம்மைக் குடும்பம் நம்புவதற்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.